கொசு உள்ளான் கத்தாது

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத் தொடங்கினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். இரண்டு முழங்காலும் என் பேச்சைக் கேட்பதில்லை, காலையில் எழுந்தாலே பாதி நாள் முடிந்துபோன அலுப்பு. உனக்குப் பொய் எழுதக்கூட எனக்குத் தெம்பில்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "சரிம்மா" என்பாய். அந்த "சரிம்மா"வுக்கு மேலே எனக்குப் பேச்சு வராது. போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. கல்யாணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று இழுத்து இழுத்துக் கேட்டேன். "அண்ணனுக்கு முதல்ல முடியட்டும்மா, நான் இருந்துக்கிறேன்" என்றாய். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் சோறு குழைந்துபோனதுகூடத் தெரியவில்லை. நான் உன்னைத் தள்ளிப்போடச் சொன்னது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், டீயை வைத்துக்கொண்டு படி.

நாலு வருஷத்துக்கு முந்தி நான் குருவி பிடிக்கிற வேலைக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, "ஏம்மா, பாசி எடுத்தது பத்தாதுன்னு இப்ப குருவி வேட்டைக்கு வேறயா?" என்று சிரித்தாய். வேட்டை இல்லை என்று உனக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பறவைகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையம் போட்டுத் திரும்பவும் விட்டுவிடுகிற ஆட்கள் அவர்கள். தனுஷ்கோடிக்குப் போகிற ரோட்டோரம், கோதண்டராமர் கோயில் பக்கத்தில் கடல் தண்ணீர் ஆழமில்லாமல் தேங்குகிற களப்பில் குளிர்காலம் முழுக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். வலையில் விழுந்த பறவையைச் சிறகு ஒடியாமல் பிரித்தெடுக்க ஆள் தேடினார்கள். ஆம்பளைகள் எல்லாரும் கடலுக்குப் போய்விடுகிறவர்கள். எனக்கோ அப்போதே முழங்கால் போய், கடல்பாசி எடுக்க முங்க முடியாமல் வீட்டில் இருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நண்டு வலையில் கால் ஒடியாமல் நண்டு பிரித்தவள் நான். நண்டு கடிக்கும், குருவி அவ்வளவாகக் கடிக்காது. சேர்ந்துகொண்டேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டியதில்லை, கணுக்காலளவுதான் என்பதே எனக்குப் பெரிய சொகுசாக இருந்தது.

அங்கே போவதற்கு முன்னால் கரையில் ஓடுகிற குருவி எல்லாமே எனக்கு ஒன்றுதான். சின்னது, பெரியது, அவ்வளவுதான் கணக்கு. கூடாரத்துக்குப் பெரியவராக ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார், எல்லாரும் சார் என்றே கூப்பிடுவோம். முதல் நாள் என் ஒரு கையில் கொசு உள்ளானையும் இன்னொரு கையில் உப்புக்கொத்தியையும் கொடுத்து, "ரெண்டும் என்ன முறைன்னு சொல்லுங்கம்மா" என்றார். இரண்டும் ஒரே அளவு, சேற்றில் ஒன்றாகவே ஓடும், ஒன்றாகவே பறக்கும். கூடப் பிறந்ததாகத்தான் இருக்கும் என்றேன். சிரித்தார். இரண்டும் வேறு வேறு குடும்பமாம். உப்புக்கொத்திக்குப் பெரிய கண்; ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். கொசு உள்ளானுக்குக் கண்ணில் வேலை கம்மி. குனிந்த தலை நிமிராமல், மூக்கு நுனியாலேயே சேற்றைத் தடவித் தடவித் தின்றுகொண்டு போகும். அதன் சொந்தம் யார் தெரியுமா என்று கேட்டு, தூரத்தில் ஒற்றையாய் நின்ற கோட்டானைக் காட்டினார். உனக்குத் தெரியும் அதை, ஆந்தைக் கோட்டான் இல்லை, கரையில் நடக்கிற கோட்டான்; அரிவாள் மாதிரி வளைந்த நீள மூக்கு, கோழி அளவு உடம்பு, வாயைத் திறந்தால் பாம்பன் வரைக்கும் கேட்கும். அதுவும் இந்தத் துளியூண்டும் ஒரே குடும்பம் என்றால் நம்பவே முடியவில்லை. இரண்டும் வடக்கே எங்கோ பனி உருகுகிற தேசத்தில் முட்டையிட்டுவிட்டு, இந்த உப்புத் தண்ணீருக்கு வந்து சேர்கின்றனவாம். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் எனக்கு உங்கள் இரண்டு பேர் நினைவுதான். உன் அண்ணனையும் உன்னையும் பக்கத்தில் நிற்கவைத்தால் யார் நம்புவார்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று? அப்போது அதை வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

கத்துகிற பறவையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பவளக்காலி என்று ஒன்று, சிவப்புக் கால்காரி. பருந்து நிழல் விழுந்ததோ இல்லையோ, முதலில் அலறுவது அவள்தான். அவள் அலறினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். சின்னதுகள் பிழைப்பது அந்தச் சத்தத்தில்தான். நம் வீட்டிலும் அப்படி ஒரு நாள் இருந்தது. இன்ஜின் நின்றுபோய் உன் அய்யா இரண்டு நாள் கரைக்கு வராமல் இருந்தபோது, நான் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உன் அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. படகு கட்டுகிற பாலத்தடியில் போய் நின்று, "எங்கய்யா செத்தாத்தான் போட்ட எடுப்பீகளா?" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஆறு படகு போனது. ஆளை உயிரோடு கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அய்யா நெஞ்சு வலியில் போனபோது, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவனும் அவன்தான். நீ டிப்ளமோ படித்தது அவன் பிடித்த மீனில். இதெல்லாம் உனக்குத் தெரியும், அதனால்தானே வாயைத் திறக்காமல் இருக்கிறாய். நானும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் உன் வாயை அடைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கூடாரத்தில் ஒரு முறை உண்டு. ஒரு வலையில் நாலு அடுக்கு இருக்கும்; பறவை வந்து மோதினால் அந்த அடுக்கில் தொங்குகிற பைக்குள் விழுந்து கிடக்கும். பெரிய பறவைகள் உயரப் பறந்து மேல் பையில் விழும். கொசு உள்ளான் தண்ணீரை ஒட்டியே பறப்பது, அதனால் அடிப்பையில்தான் விழும். வலைக்குப் போனவுடன் அடிப்பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாடைக்காற்று வலுத்தால் களப்பில் தண்ணீர் ஏறும், அடிப்பை நனையும். சார் இதைத் தினமும் காலையில் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்வதுபோல் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம். நான் வலையை நெருங்கும்போதே மேல் பையில் ஒரு கோட்டான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலறியது. அந்த அலறல் இருக்கிறதே, பிள்ளை கீழே விழுந்து அழுகிற மாதிரியே இருக்கும். நான் ஓடினேன். கால் விரலில், இறக்கை மூட்டில், கழுத்தில் எல்லாம் நூல் சுற்றியிருந்தது. ஒவ்வொரு இழையாக எடுத்தேன், அது என் கையைக் குத்திக்கொண்டே கத்தியது, "இரு, இரு, இந்தா வந்துருச்சு" என்று நானும் அதனோடு பேசிக்கொண்டே எடுத்தேன். செபமாலையில் இரண்டு பத்து மணி சொல்லி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அதைத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டு, வேலையைச் சரியாகச் செய்தோம் என்ற திருப்தியோடு குனிந்தேன். தண்ணீர் என் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. அடிப்பை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. உள்ளே மூன்று கொசு உள்ளான். மூன்றையும் சேர்த்து ஒரு உள்ளங்கையில் வைத்தேன், எடையே இல்லை. அவை கத்தியிருக்குமோ என்னவோ, கத்தினாலும் அது கீச்சென்று ஒரு துளி சத்தம்தான், அந்தக் காற்றில், அந்த அலறலில், எனக்கு எங்கே கேட்கும்?

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். "பெருசு பாவமா கத்துச்சு சார், அதான்" என்றேன். அவர் மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "கத்துறதுக்கு அதுக்கு மூச்சு இருந்துச்சுல்லம்மா, அது இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும்" என்றார். அவ்வளவுதான். நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வலைக்குப் போய்விட்டார். நான் கை கழுவாமல் அங்கேயே நின்றேன்.

அது நடந்த வாரம்தான் உன் அண்ணன் மீன் ஏலம் போடுகிற இடத்தில் வியாபாரி ஒருவரோடு கைகலந்து, ஸ்டேஷன் வரை போனது. கூடாரத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவனை வெளியே எடுக்கத் தெரிந்த ஆளைப் பிடிக்க ராமநாதபுரத்துக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸிலேயே அலைந்தேன். இடையில் நீ ஒரு தடவை போன் பண்ணினாய். "அண்ணன் விஷயம் பெருசா கெடக்குப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவும் இல்லை. ஈஸ்டருக்கு நீ வந்தபோது சட்டை உடம்பில் தொங்கியது, தலைமுடி பாதி காணோம். கேட்டதற்கு, டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்கிறாய், யாருக்கோ வந்ததைச் சொல்வதுபோல. "ஏலே, பெத்தவ ஒருத்தி இருக்கேனே, ஏன்லே சொல்லல?" என்று நான் கத்தினேன். நீ சட்டியிலிருந்து இன்னொரு மீன் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டே, "நீயே அண்ணனுக்காக அலைஞ்சுக்கிட்டு இருந்த, இதுல நான் வேறயாம்மா?" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய் பார், அதுதான் என்னை அறுத்தது. அன்று நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். எதற்கு என்று உனக்குத் தெரியாது. அந்த மூன்று குருவிக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகள் குருவிகள் இல்லை, எனக்கும் தெரியும். அழுத பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, தம்பி. அடுத்த வருஷமே நீ அக்காள்மடத்து ஜெனியைப் பற்றிச் சொன்னாய். மூத்தவன் நிற்கும்போது இளையவனுக்கு மாலை போட்டால் ஊர் என்ன சொல்லும் என்றேன். ஊர் எதுவும் சொல்லியிருக்காது. உன் அண்ணன் கத்துவானே என்றுதான் பயந்தேன், பழியை ஊர்மேல் போட்டேன். போன வருஷம் பாம்பனில் அவனுக்குப் பேசி முடித்த சம்பந்தம், இவன் குடித்துவிட்டுப் போய் அந்தப் பெண்ணின் மாமனோடு சண்டை போட்டதில் முறிந்தது. நம் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் வாசலில் எறிந்தான். இந்த நேரத்தில் உன் கல்யாணம் என்றால் அவன் மனசு என்ன ஆகும் என்று உன்னிடம் கேட்டேன். உன் மனசு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. இந்தத் தடவை காரணம்கூட இல்லை. "நான் கடலுக்குப் போனதுனாலதான் அவன் பேண்ட் போட்டான், எனக்கு முன்னாடி அவனுக்கு மாலையா?" என்று உன் அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். நான் உடனே போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். அவனை அடக்க எனக்குச் சக்தியில்லை, உன்னை அடக்கச் சக்தியே தேவையில்லை. எது சுலபமோ அதைச் செய்தேன்.

முந்தாநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெனி எனக்காக நின்றாள். மற்ற பெண்கள் போகும்வரை காத்திருந்தாள். "அத்தை, அவுக ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாக. கேட்டா, கொஞ்சம் பொறுங்கிறாக. எங்கப்பா தூத்துக்குடியில ஒரு எடம் பேசிட்டாரு. தவக்காலத்துல கல்யாணம் வைக்க முடியாது, சாம்பல் புதனுக்கு முந்தி முடிச்சிரணும்ங்கிறாரு. நீங்களாச்சும் சொல்லுங்க, நான் இருக்கவா, போகவா?" என்றாள். அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மூன்று வருஷமாக என் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறாள், அதையும் மெதுவாகக் கேட்கிறாள். உனக்கு ஏற்றவள்தான் போ. "இரு" என்று சொன்னேன்.

நேற்று காலையில் அக்காள்மடத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் அவள் அப்பாவைப் பார்த்தேன். மனுஷர் முதலில் முகம் கொடுக்கவில்லை, நியாயம்தான். "ரெண்டு தடவ பேச்ச மாத்துனீக" என்றார். மாற்றியது நான், என் மகன் இல்லை, இந்தத் தடவை மாறினால் என் பல்லைப் பிடுங்குங்கள் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்று பாதரிடம் கேட்டேன். மூன்று ஞாயிறு வாசித்தால் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் வைக்கலாம், கணக்குச் சரியாக வருகிறது. "பையன் சம்மதமா?" என்றார். "அவன் எப்பவும் சம்மதம்தான் பாதர், யாரும் கேக்கலன்னுதான் சொல்லாம இருக்கான்" என்றேன். அவர், "நேர்ல வந்து அவர் வாயால சொல்லணும், கையெழுத்துப் போடணும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லுங்க" என்றார். ஞானஸ்நானச் சான்றிதழ் எடுத்துவைத்துவிட்டேன். நீ வந்தால் போதும்.

வாயால் சொல்ல வேண்டும் என்றாரே, அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு, ராசா. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொல்லச் சொல்ல நீ அதிலேயே உட்கார்ந்துவிட்டாய். பொறுமை பொறுமை என்று ஒரு பெண்ணை நடுரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறாய், அதுவும் தப்புதான். எனக்குக் கோபம் வரும் என்றால் வரட்டும், ஒரு நாள் கத்து. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், வேண்டும் என்றால் மேசையைத் தட்டிக் கேள். நாளைக்கு அவள் உன்னிடம் ஒன்றும் கேட்காமல் அடுப்படியில் நின்றால், சரியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. போய்ப் பக்கத்தில் நில். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

உன் அண்ணனை வெறுக்காதே. அவனும் பாவம்தான், பதினேழு வயதில் கடலுக்குள் தள்ளிவிட்டேன், அதன்பிறகு அவன் கேட்டதையெல்லாம் கொடுத்து அவனை ஆளாகவிடாமலும் பண்ணிவிட்டேன். அவனுக்கும் ஒரு பெண் கிடைப்பாள், கிடைக்காமலும் போகலாம். அதை இனி அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓட என்னிடம் கால் இல்லை. மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை உனக்காக ஓடிவிடலாம் என்றுதான் நேற்று அக்காள்மடம் போனேன்.

இன்று மதியம் அவன் கடலிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மீன் கூடையை முற்றத்தில் எறிந்தான். இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கும்போது ஆரம்பித்தது, இன்னும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். "அம்மா, வெளிய வாம்மா! வாரியா இல்லையா?" என்று கூப்பிடுகிறான். போவேன், அவனுக்கும் பசிக்குமே. சோறு போட்டு, திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொள்வேன். ஆனால் இதை எழுதி, மடித்து, உன் விலாசம் எழுதி முடித்த பிறகுதான். இதோ மறுபடியும் கூப்பிடுகிறான். நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா